எட்டாவது ஆள்

மதுரைக்குத்தானே போறீங்க? மடியில இருக்கிற ஃபைலைப் பார்த்தேன், அதான் கேட்டேன். கண்ணாஸ்பத்திரி ஃபைலு. எங்ககிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, இந்தா பையில. உங்களுக்கா, வீட்டுல யாருக்காச்சுமா? அம்மாவுக்கா? ஆப்ரேசன் முடிஞ்சு இன்னைக்கு வீட்டுக்கு விடுறாங்களா? நல்லது, நல்லது.

நாங்களும் அங்கதான் போறோம். அந்தா பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைச் சேலை, கறுப்புக் கண்ணாடி. குருவம்மான்னு பேரு. கண்ணு அவங்களுக்குத்தான். நான் கூடப் போறவ. மூணு மாசத்துக்கு ஒருக்க நான்தான் கூட்டிட்டுப் போறது. சொந்தமெல்லாம் இல்ல. ஊருல எல்லாரும் சொல்றாங்க, செல்வராணி மாதிரி யாரு செய்வா, கூடப்பொறந்தவகூட இப்படி அலைய மாட்டான்னு. சொல்லட்டும். அவங்க பக்கத்துல இடம் காலியா இருக்கே, இங்க வந்து எதுக்கு உக்காந்திருக்கான்னு பாக்குறீங்களா? அங்க வெயில் அடிக்குது. அதான்.

தேனியில யோகா டீச்சர் செல்வராணின்னு கேட்டா வீட்டைக் காட்டுவாங்க. சிரிக்காதீங்க. இந்த உடம்பைப் பார்த்தா யாருக்கும் நம்பிக்கை வராதுதான். முட்டி மடக்காமக் குனிஞ்சு ரெண்டு உள்ளங்கையையும் தரையில வச்சிருவேன். பஸ்ஸுல இடம் இல்ல, இல்லாட்டிக் காட்டிருவேன்.

டீச்சர்னா படிச்ச டீச்சர் இல்லங்க. நான் பத்தாவதோட சரி. இருபத்திரண்டு வருசம் ஜவுளிக்கடையில, சேலை செக்சன்ல நின்னேன். நின்னேன்னா நின்னேன்தான், உக்கார ஒரு ஸ்டூலு கெடையாது. "ஏம்மா, மேல இருக்குற அந்த மாம்பழக் கலரை எடு." "ஏம்மா, பார்டர் சின்னதாக் காட்டு." இருபத்திரண்டு வருசமா என் பேரு ஏம்மாதான். கடைசியில இடுப்பு போச்சு. உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல. பெரியாஸ்பத்திரிக்குப் போனா, எலும்பு டாக்டரு பார்த்துட்டு, மாடியில யோகா பிரிவு இருக்கு, அங்க போங்கன்னு சீட்டு எழுதிக் குடுக்குறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வலின்னு வந்தவளுக்கு ஊசி போடாம குட்டிக்கரணம் போடச் சொல்றியேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே படி ஏறினேன்.

மாடியில ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. டாக்டர் ரமீஜா. என் மகளுக்கு ரெண்டு வயசு எளையவ. சின்னப் பிள்ளைன்னு நெனச்சேன், ஆனா அது பண்ற வேலை கிழவி வேலை. வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாயா வந்து குத்தவச்சு உக்காரும். காதுக்குப் பக்கத்துல மெதுவாக் கேக்கும். தூக்கம் எப்படி, வயிறு எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, புதுசா எங்கயாச்சும் வலி இருக்கா. தெனம் அதே நாலு கேள்வி. இருபது பேர்கிட்டயும் கேட்டு முடிக்க அரை மணி நேரம் ஓடிரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். "நேத்துத்தானே டாக்டரு கேட்டீங்க" அப்படிம்பேன். "நேத்து பாதியை மறைச்சிருப்பீங்க, மிச்சத்தை இன்னைக்குச் சொல்லுங்க" அப்படிங்கும், சிரிச்சுக்கிட்டே.

எட்டு மாசத்துல இடுப்பு வலி போன இடம் தெரியல. ஆனா எனக்கு அந்தப் பாயை விட மனசில்ல. சர்டிபிகேட் படிப்பு ஒண்ணு சேந்தேன், சனி ஞாயிறு வகுப்பு. எங்க தம்பி பொண்டாட்டி, மதினி இனிமே காத்துலயே நடப்பாங்கன்னு கேலி பண்ணுச்சு. படிச்சு முடிச்சு, கடையில நின்னது போதும்னு சொல்லிட்டு, எங்க தெரு சமுதாயக்கூடத்துல காலையில அஞ்சரைக்கு பொம்பளைகளுக்கு வகுப்பு ஆரம்பிச்சேன். மொத நாளு ஒன்பது பேரு. அதுல ஒருத்தவங்க வாசல்ல செருப்பை விட்டுட்டு, கையெடுத்து, "வணக்கம் டீச்சர்" அப்படின்னாங்க.

அதுதாங்க குருவம்மா. அவங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவங்க. வாய்ப் பழக்கத்துல எல்லாரையும் டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க, அது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சா என்ன? என்னைய மொதமொதல்ல டீச்சர்னது அவங்கதான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு நானே ஒருக்க சொல்லிப் பாத்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், சிரிங்க, பரவாயில்ல.

உசிலம்பட்டியா இது? வந்துருச்சா. இந்தப் பஸ்ஸுக்காரன் பறக்குறான். பைய போனா என்னவாம்.

எங்க விட்டேன்? ஆங், வகுப்பு. ஒன்பது பேரு முப்பத்தஞ்சு பேரு ஆனாங்க. முப்பத்தஞ்சு பேர்கிட்டயும் பாய் பாயாப் போய்க் குத்தவச்சு உக்காந்து கேட்டா விடிஞ்சு வெயில் வந்துரும், எல்லாருக்கும் வீட்டுல சோலி கெடக்கு. அதனால நான் முன்னாடி நின்னு சத்தமாக் கேட்டுருவேன். யாருக்காச்சும் உடம்புக்கு ஏதாச்சும் இருந்தா கை தூக்குங்க. ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. எப்படித் தூக்குவா? மாமியா மொத வரிசையில, மருமக மூணாவது வரிசையில. ஆனா நான் கேட்டேன்ல? தெனம் கேட்டேன். முப்பத்தஞ்சு பேரு சாட்சி.

அதோட, சேரும்போது ஃபாரமும் வாங்கினேன். பேரு, வயசு, என்ன சீக்கு இருக்கு, எல்லாம் அதுல இருக்கும். நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு நடத்தலங்க.

அந்த வருசம் யோகா தினம் வந்துச்சு. ஹைஸ்கூல் மைதானத்துல விழா. பெரிய அதிகாரிங்க வர்றாங்க, பேப்பர்காரங்க வர்றாங்க. ஊருல இருக்குற எல்லா யோகா வகுப்பும் ஒண்ணொண்ணு செஞ்சு காட்டணும். நான் ஒரு சக்கரம் போட்டிருந்தேன். நடுவுல குத்துவிளக்கு, சுத்தி எட்டுப் பொம்பளைங்க, எட்டுப் பேரும் ஒரே நேரத்துல சிரசாசனம். தலையைத் தரையில வச்சு, காலு நேரா வானத்தைப் பாத்து. நாப்பது வயசுக்கு மேல இருக்குற எட்டுப் பொம்பளைங்க, யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மாசம் பழக்கினேன்.

அன்னைக்குக் காலையில, மேடைக்குப் போக இருபது நிமிசம் இருக்கு, கலாமணின்னு ஒருத்தி வந்து என் காதுல, "அக்கா, எனக்கு இன்னைக்கு ஆகாதுக்கா, வீட்டுக்குத் தூரம்" அப்படிங்கிறா. அந்த மூணு நாளும் தலைகீழா நிக்கக் கூடாதுங்க. அது ரமீஜா டாக்டர் சொல்லிக் குடுத்த சட்டம். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. "போ தாயி, போய் ஓரமா உக்காரு" அப்படின்னேன். அந்த விசயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.

ஏழு பேரு ஆயிப்போச்சு. ஏழு பேரு நின்னா சக்கரம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். சுத்திப் பாக்குறேன். குருவம்மா தண்ணிக் குடத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாருக்கும் மோந்து குடுத்துட்டு இருக்காங்க. அண்டா அண்டாவாச் சோறு இறக்கின கையி, இரும்பு மாதிரி இருக்கும். வகுப்புல சுவத்தோரமா நின்னு, மத்தவங்களைப் பாத்துப் பாத்து அவங்களாவே சிரசாசனம் பழகிட்டாங்க. நான் கூப்பிட்டேன். "குருவம்மா, வாங்க, எட்டாவது ஆளு நீங்கதான்."

அவங்க முகத்தை நீங்க பாத்திருக்கணும். சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "டீச்சர், எனக்குக் கண்ணுல அழுத்தம்னு சொட்டு மருந்து விடுறேன்ல, நான் செய்யலாமா?" அப்படின்னு கேட்டாங்க.

கேட்டாங்க. ஆமா. கேட்டாங்கங்க. எனக்கு மறந்து போச்சுன்னு எனக்கு நானே சொல்லிட்டு இருக்கேன், உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், நீங்க யாரோ நான் யாரோ. மறக்கல. அவங்க ஃபாரத்தை எழுதினதே நான்தான். அவங்களுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: கண் அழுத்தம், சொட்டு மருந்து, ரெண்டு வேளை. என் கையெழுத்து. அந்தத் தாளு இப்பவும் வீட்டுல சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. கிழிக்கவும் முடியல, பாக்கவும் முடியல.

அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "தலைக்கு ரத்தம் போனா கண்ணுக்கு நல்லதுதானே குருவம்மா. பார்வை இன்னும் தெளிவாகும்." ஒரு டீச்சரு சொல்ற மாதிரி, நல்லாச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். எங்கயோ யாரோ சொல்லிக் கேட்டது. படிச்சது இல்ல. ரமீஜா சொன்னதும் இல்ல. மேடைக்கு இருபது நிமிசம்தான் இருந்துச்சுங்க.

சக்கரம் பிரமாதமா வந்துச்சு. மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. எட்டுச் சோடிக் காலு, நடுவுல விளக்கு, ஓரத்துல நானு. லேமினேசன் பண்ணி வச்சிருக்கேன்.

அது அன்னைக்கு ஒரு நாளோட போயிருந்தாக் கூடப் பரவாயில்ல. அன்னையில இருந்து குருவம்மா தெனம் வீட்டுலயும் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணுக்கு நல்லதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்கள்ல? ரெண்டு நிமிசம் மூணாச்சு, மூணு அஞ்சாச்சு. என்கிட்ட வந்து பெருமையாச் சொல்லுவாங்க. நானும் சபாஷ்னு சொல்லிருக்கேன். என் வாயில புண்ணு வந்திருக்கக் கூடாதா.

எட்டு மாசம் கழிச்சு, பிள்ளைக தட்டுல சாம்பாரை ஊத்துறேன்னு தரையில ஊத்தியிருக்காங்க. நிலைப்படியில இடிச்சுக்கிட்டாங்க. அப்புறம்தான் மதுரைக்குப் போனது. நான்தான் கூடப் போனேன், அவங்க மகன் வெளிநாட்டுல இருக்கான். டாக்டரம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. இடது கண்ணு பார்வை போனது போனதுதான், திரும்பாது, வலதைக் காப்பாத்தணும் அப்படின்னாங்க. அப்புறம் கேட்டாங்க: "பாரம் தூக்குவீங்களா? தலைகீழா நிக்கிற மாதிரி ஏதாச்சும் செய்வீங்களா?"

குருவம்மா என் முகத்தைப் பாத்தாங்க. டீச்சர் சொல்லட்டும்னு.

நான் சொன்னேன், "இல்லங்க டாக்டர். சும்மா மூச்சுப் பயிற்சிதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வெள்ளைக்கோட்டு போட்ட ஆளு முன்னாடி, அந்த ரூமுல, எனக்கு மறுபடியும் கடையில மாதிரி ஏம்மான்னு யாரோ கூப்பிடப் போற மாதிரி இருந்துச்சு. வெளிய வந்ததும் குருவம்மா கேட்டாங்க, "ஏன் டீச்சர், நான் நிக்கிறதைச் சொல்லலையே?" நான் சொன்னேன், "இங்கிலீஷ் வைத்தியம் பண்றவங்களுக்கு யோகான்னாலே ஆகாது குருவம்மா, வைஞ்சுருவாங்க." அவங்க தலையாட்டிட்டாங்க. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ரமீஜாவுக்குப் போன் போட்டேன். இப்ப வேற ஊருல இருக்கு. பொதுவாக் கேக்குறேன்னு கேட்டேன். "ஐயையோ செல்வராணியம்மா, கண் அழுத்தம் இருக்கவங்க தலைகீழா நிக்கவே கூடாது. நரம்பு போயிரும். யாரு, உங்க வகுப்புலயா?" அப்படின்னுச்சு. "இல்ல டாக்டரு, ஒரு புஸ்தகத்துல படிச்சேன்" அப்படின்னு வச்சுட்டேன். மறுநாளே வகுப்புல சிரசாசனத்தை நிறுத்திட்டேன். கோடை முடியட்டும்னு சொன்னேன். கோடை முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு.

குருவம்மாகிட்ட சொல்லலையான்னு பாக்குறீங்க. போனேங்க. சொல்லணும்னே கெளம்பி அவங்க வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருக்கு. உள்ள சிலிண்டருக்குப் பக்கத்துல, சுவத்துல சாஞ்சு தலைகீழா நிக்கிறாங்க. சேலையை ரெண்டு காலுக்கும் சேத்துக் கயித்தால கட்டியிருக்காங்க. தலைகீழாவே என்னையப் பாத்து, "வாங்க டீச்சர், உக்காருங்க, இன்னும் ரெண்டு நிமிசம்தான்" அப்படிங்கிறாங்க. எறங்கி, முகம் செவசெவன்னு, எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து, "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இதெல்லாம் வேணுமா பெரியம்மா" அப்படின்னுச்சு. அதுக்கு அவங்க சொன்னாங்க, "எங்க டீச்சரு நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்துறேன். மத்தவுக பேச்சு எனக்கு எதுக்கு?" நான் டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். ரொம்ப நல்ல டீ.

நிறுத்துங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கள்ல? ஏன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? அதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மருந்து வாங்கித் தர்றேன். சாயங்காலமானா அவங்களைப் பிடிச்சு நடக்கக் கூட்டிட்டுப் போறேன். நான் ஒண்ணும் செய்யாம இல்லங்க.

இன்னைக்குக் காலையில பஸ்ஸு ஏறும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர், நேத்து ஏழு நிமிசம் நின்னேன். வலது கண்ணுல இப்ப லேசா வெளிச்சத்தைச் சுத்தி வளையம் தெரியுது, தெளிவாகுதோ என்னமோ" அப்படிங்கிறாங்க. அழுத்தம் ஏறினாத்தான் அப்படி வளையம் தெரியும்னு ஆஸ்பத்திரிச் சுவத்துல எழுதிப் போட்டிருக்கு. பக்கத்துல உக்கார முடியல. வெயில் எல்லாம் இல்லங்க. அவங்க பக்கம் நிழலுதான், பாருங்களேன்.

மதுரை வந்தாச்சு, காளவாசல் ஸ்டாப் வந்துரும் இப்ப. நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது. ஃபைலைப் பாத்துத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். நீங்க எறங்குறப்போ அவங்க பக்கத்துல ஒரு நிமிசம் நின்னு, எங்கம்மாவுக்கு டாக்டரு சொன்னாரு, கண் அழுத்தம் இருக்கவங்க தலைகீழா நிக்கக் கூடாதாம்னு, சும்மா பேச்சுவாக்குல சொல்லிருங்க. என் பேரை இழுக்க வேண்டாம். நான் பையை எடுக்குற மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்.

என்னது? நானே சொல்லணுமா? இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொன்னேன்ல, அதே மாதிரியா? நீங்க லேசாச் சொல்லிட்டீங்க. சரி. சரி, போறேன். பையைப் பாத்துக்கங்க.

குருவம்மா. நான்தான். தூங்கிட்டீங்களா? ஒண்ணு சொல்லணும்னு... வந்து, இன்னைக்கு டாக்டர்கிட்ட போறோம்ல, அதுக்கு முன்னாடி... தண்ணி குடிக்கிறீங்களா? இந்தாங்க. மெதுவா. மூடியை நான் போட்டுக்குறேன்.

திரும்பி வந்துட்டேன், பாத்தீங்கல்ல. இந்தா, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தண்ணி குடிக்கிறீங்களாங்கிறேன். நானெல்லாம் ஒரு மனுசி. டீச்சராம் டீச்சரு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அந்த டாக்டரம்மா அதையே மறுபடி கேக்கும், அவங்க என் முகத்தைப் பாப்பாங்க, நான் மூச்சுப் பயிற்சிம்பேன். வாய் அதைச் சொல்லியே பழகிருச்சுங்க. அந்த ஒத்தைக் கண்ணுதான் மிச்சம் இருக்கு.

எந்திரிச்சுட்டீங்களா? நீங்களே சொல்லிர்றீங்களா? மவராசியா இருப்பீங்க. கம்பியைப் பிடிச்சுக்கங்க, பஸ்ஸு திரும்புது. எங்கம்மாவுக்குச் சொன்னாங்கன்னு ஆரம்பிங்க...

இருங்க. ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. நீங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரியில சொன்னதுன்னாலே நம்ப மாட்டாங்க, அப்படிப் பண்ணி வச்சிருக்கேன் நானு. டீச்சரு சொன்னாத்தான் நிறுத்துவேன்னு சொன்னவங்க. வேற யாரு சொன்னாலும் நாளைக்குக் காலையில மறுபடி நிப்பாங்க.

நானே வர்றேன். நீங்களும் வாங்க, என் பின்னாடி வந்து நில்லுங்க. நான் மறுபடியும் தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டேன்னா, யோசிக்காதீங்க, முதுகுல ஒண்ணு ஓங்கி வைங்க.